மூலையில் விட்ட இரண்டு விரல் இடம்

அண்ணி,

இன்று காலை விளக்கேற்றிவிட்டுச் சாமி பாட்டு பாடிக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில் வெல்டிங் ராடு எரிகிற நெடி வந்தது. பக்கத்து வீட்டில் மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கிறார்கள். சாம்பிராணியையும் மீறிக்கொண்டு அந்த வாசனை பூஜை அலமாரி வரைக்கும் வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் சன்னலைச் சாத்தியிருப்பேன். இன்று பாட்டை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரர் சட்டையில் வருடக்கணக்காக நான் துவைத்துப் போக்கப் பார்த்த வாசனை அது. ஆனாலும் நினைவுக்கு வந்தது அவர் இல்லை, நீங்கள்தான்.

வருகிற ஆடியோடு நீங்கள் போய் ஒரு வருடம். உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டது எவ்வளவோ இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். கணக்கு நோட்டு எழுதித்தான் என் கையெழுத்தே ஒரு ஒழுங்குக்கு வந்தது. கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் எப்போதும் போல ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து நான் கல்யாணமாகி வரும்போது, மாப்பிள்ளைக்கு மூத்த அக்கா ஒருவர், கல்யாணம் ஆகாதவர், அதே வீட்டில் இருக்கிறார் என்று கேட்டு எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். "நாத்தனார் இருக்கிற வீடு, பாத்து நடந்துக்கோ" என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தங்கவயலில் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய பாலகாட் லைன் வீட்டில் நான் வந்து பார்த்த நாத்தனார், ராணுவ வண்டி செய்கிற தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் உட்கார்ந்து லாரிக்குக் கோடு போடுகிறவர். டிப்ளமா படிப்போடு போய், பட்டம் படித்தவர்களுக்கு நடுவில் தனக்கென்று ஒரு மேசையைப் பிடித்தவர். காலை ஷிப்டு சங்குக்கு முன்னால் தலை பின்னி, டிபன் டப்பாவை நீங்களே கட்டிக்கொண்டு, "நா வரேம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள். புகுந்த வீட்டில் என்னிடம் சொல்லிக்கொண்டு வெளியே போன முதல் ஆள் நீங்கள்.

அந்த ஆறு சக்கர வண்டி உங்களிடம் வந்தபோது நம் பெண் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். ரோடே இல்லாத இடத்தில் ஆளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டிய ராணுவ லாரி. மணல் வந்தால் ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர்க் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஆற்றில் இறங்கினால் இஞ்சின் மூச்சிழுக்கிற குழாய் கூரைக்கு மேலே நிற்கும். இவ்வளவுதான் நீங்கள் சொன்னீர்கள். நாலு காலிருந்தால் நாற்காலி, இது ஆறுகாலி என்று பெண் பெயர் வைத்தாள். கடைசி வரைக்கும் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

உங்கள் மேசைக் காகிதம் ஒன்றுகூட நம் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. அவ்வளவு கண்டிப்பு. ஆனால் நம் வீட்டுச் சங்கதி எவ்வளவு அங்கே போயிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு என்னை ஏறச் சொன்னீர்கள்.

"அண்ணி, லைனே பாக்குது."

"பாக்கட்டும். ஒன் ஒயரத்துல பட்டாளத்துல எத்தினி பேரு கீறாங்க தெரியுமா? முதுகுல மூட்ட, கையில துப்பாக்கி, கால்ல சேறு. நீ ஏறிட்டா அவன் ஏறிடுவான்."

"நா வுழுந்துட்டா?"

"வுழுந்தா படி தப்பு. நீ இல்ல."

இரண்டாவது தடவை என் முட்டி பலகையில் இடித்தது. உடனே ஒரு வரிசைச் செங்கல்லை எடுத்தீர்கள். இன்னொரு நாள் என் கையில் சாக்குத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, தூக்குச் சட்டியின் கொக்கியைத் திறக்கச் சொன்னீர்கள். பனிமலையில் கையுறையைக் கழற்றினால் விரல் போய்விடுமாம். கழற்றாமலே திறக்கிற கொக்கியாக இருக்கவேண்டுமாம். சாயங்காலம் கரண்டு போனால் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றுகொண்டு, நான் தடவாமல் எதை எதை எடுக்கிறேன் என்று கவனிப்பீர்கள். "நெருப்புப் பொட்டி அங்கதான் கீதுன்னு எப்டி தெரியுது?" என்று கேட்டீர்கள். கை போகிற இடத்தில் வைத்திருக்கிறேன் என்றேன். பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தீர்கள். என் அடுப்பங்கரை ஒழுங்கை அதற்கு முன்னால் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

உங்கள் தம்பிக்கு அதே தொழிற்சாலையில் கான்ட்ராக்டு வேலை. எட்டுப் பேர் வெல்டிங் கூட்டத்தில் மூத்தவர். "அக்கா கோடு போடும், நா நெருப்பு வெப்பேன்" என்று கடைத்தெருவில் சொல்லிக்கொள்வார். எந்த வேலைக்கு எத்தனை பாக்கெட் ராடு வாங்கினார்கள் என்ற சீட்டையெல்லாம் சனிக்கிழமைதோறும் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். அவர்கள் எட்டுப் பேரில் யார் எழுத்தும் யாருக்கும் புரியாது. நான்தான் நீள நோட்டில் அழகாக எடுத்தெழுதிக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

முதல் இரண்டு வண்டிகள் ராஜஸ்தான் மணலுக்குச் சோதனைக்குப் போயின. நீங்கள் அன்று தேங்காய் உடைக்கச் சொன்னீர்கள். நான் சொல்லாமல் நீங்களாகக் கேட்ட முதல் தேங்காய். மூன்றாவது வாரம் தொழிற்சாலைக்குப் போட்டோக்கள் வந்தன. இரண்டு வண்டியிலும் சேசிஸில் விரிசல்.

சேசிஸ் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள், சோற்றைப் பிசைந்துகொண்டே, சாப்பிடாமல். படுக்கப்போட்ட ஏணி மாதிரி இரண்டு நீள இரும்பு, நடுநடுவே குறுக்குச் சட்டம். வண்டி மொத்தமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் மேட்டிலும் இன்னொரு சக்கரம் பள்ளத்திலும் இறங்கும்போது அந்த ஏணி கொஞ்சம் முறுகிக்கொடுக்கவேண்டும். முறுகாவிட்டால் உடையும்.

"ரவிக்கை கக்கத்துல கிழியுதே, தையல்லயா கிழியுது?"

"இல்ல அண்ணி. தையலுக்குப் பக்கத்துல."

"ஏன்?"

"இறுக்கிப் புடிச்சிருக்கும். துணிக்குப் போவ எடம் இருக்காது."

"அதேதான். அதுக்குத்தான் ஒவ்வொரு மூலையிலயும் ரெண்டு விரல் எடம் வெல்டிங் இல்லாம வுட்டேன். அப்படியும் ஏன் விரிஞ்சிச்சின்னு தெர்ல. நாலு பாக்கெட் ராடுல முடியிற சேசிஸ். அதுல எங்க தப்பு பண்ணேன்?"

பெரியவர்கள் கூடிப் பேசி, இரும்பை இன்னும் கனமாகப் போடச் சொல்கிறார்கள் என்றீர்கள். கனம் கூடினால் ராணுவம் சொன்ன எடையைத் தாண்டிவிடும். தாண்டினால் இந்த வண்டி வேண்டாம், வெளிநாட்டு வரைபடத்தையே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாகும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் காரணம் எழுதிக் கொடுக்கவேண்டும். ஐந்து வருட உழைப்பு அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டிகள் இன்னும் மணலில் நிற்கின்றன. போட்டோவில் பெயிண்டும் மணலும்தான் தெரிகின்றன என்றீர்கள்.

நான் ரசம் ஊற்ற எழுந்தவள் அப்படியே நின்றேன். நாலு பாக்கெட் என்றீர்களே, என் நோட்டில் அது ஆறு. இரண்டு வண்டிக்கும் ஆறு ஆறு. என் கையால் எழுதியது.

அந்த ராத்திரியே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை இன்றுவரை உங்களிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை. ஆறு பாக்கெட் என்று சொன்னால் அது என் வீட்டுக்காரர் கையைக் காட்டும். கான்ட்ராக்டு ஆட்களுக்கு யார் பரிந்து பேசுவார்கள்? எட்டுக் குடும்பம். சொல்லாவிட்டால் உங்கள் வண்டி போகும், உங்கள் பெயர் போகும். ஞாயிறு காலை மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கேட்க உட்கார்ந்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் சொல்லிவிடுவது என்று கணக்கு. பொட்டலம் கட்டும்போதே, வெள்ளை வரவேண்டும் என்று மனசு கெஞ்சுவது எனக்கே கேட்டது. அம்மனிடம் தெரியாததைக் கேட்கலாம். எனக்குத்தான் தெரிந்துவிட்டதே. இரண்டு பொட்டலத்தையும் பிரித்து, பூவையெல்லாம் அவள் காலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, ஒரு சேசிஸுக்கு ஆறு பாக்கெட் ராடு ஏன் ஆச்சி?"

"ஆவும். அதுக்கு இன்னா இப்போ?"

"அண்ணி நாலுதான்றாங்க."

"அக்கா பேப்பர்ல போடும். நெருப்பு கிட்ட நாங்கதான நிக்கிறோம்."

"மூலையில ரெண்டு விரல் எடம் வுடச் சொல்லி இருந்துச்சாமே?"

துடைத்த துணி நின்றது. "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. நோட்டு சொல்லுது."

"எடம் வுட்டா அது ஒரு வேலையாமே? பாதியில வுட்டுட்டு வந்தான்னு ஊரே சிரிக்கும். நாயினா இருந்தா செவுள்லயே வுட்டிருப்பாரு. கேஜுல ஒரு விரக்கட வுட்டுட்டு வந்தா, அடுத்த ஷிப்டுல எறங்குறவன் ஊடு திரும்புவானா?"

நீங்கள் இருவரும் நாயினா என்று கூப்பிட்ட மாமா, சுரங்கத்தில் கேஜ் பழுதுபார்க்கிற கொல்லுப்பட்டறையில் இருந்தவர். ஆளை இறக்கி ஏற்றுகிற அந்த இரும்புக் கூண்டில் எங்கேயும் ஒரு இடுக்கு இருக்கக்கூடாது. இருந்தால் அது உயிர். அந்தக் கையிடம் வேலை கற்ற கை இவருடையது. கூட இருந்த ஏழு பேரும் அப்படிப்பட்ட அப்பனுக்குப் பிறந்தவர்கள்தான். வரைபடத்தில் இடைவெளியைப் பார்த்து, கோடு போட்டவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, அக்காவுக்கு நல்லது செய்கிற மாதிரி எல்லா மூலையையும் அடைத்து, மேலே இன்னொரு ஓட்டம் ஓட்டி, வழவழவென்று தேய்த்துப் பெயிண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். சோதிக்கிறவரும் இதே ஊர்க்காரர். இன்னும் பலமாகத்தானே இருக்கிறது என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

"அந்த மூலைக்குப் பக்கத்துலதான் விரிசல் வுட்டிருக்காம்" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "சொன்னா எட்டு பேரும் கேட்டுக்கு வெளிய. சொல்லலன்னா அக்கா."

கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் கழுவிக்கொண்டு அவராகவே உள்ளே போனார். நீங்கள் ஈரத்தலையை உலர்த்திக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா. அந்த எடமெல்லாம் நாந்தான் அடச்சேன்."

சீப்பு நின்றது. "எத்தினி?"

"எல்லாம்."

"ஒண்ணுகூடவா வுடல?"

"ஒண்ணுகூட வுடல."

நீங்கள் கத்தப்போகிறீர்கள் என்று நான் பெண்ணைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். நீங்கள் சிரித்தீர்கள் அண்ணி. கண்ணில் தண்ணீரோடு சிரித்தீர்கள். "பாவி, அத்தினியும் அவ்ளோ சுத்தமாவா பண்ணுவ?" என்றீர்கள். அப்புறம்தான் ஏன் என்று கேட்டீர்கள். அவர் நாயினா பெயரைச் சொன்னார். நீங்கள் சீப்பைக் கீழே வைத்தீர்கள்.

"அவரு எனக்கும்தான்டா நாயினா" என்றீர்கள். "இந்த ஊருக் கைக்கு எடத்த வுடச் சொல்றோமே, ஏன்னு ஒரு வார்த்த எழுத எனக்குத் தோணல பாரு."

வெள்ளிக்கிழமை நீங்கள் கொடுத்த காகிதத்தில் எதையும் மறைக்கவில்லை. விடச் சொன்ன இடம் அடைக்கப்பட்டிருக்கிறது, அதனால் முறுகவில்லை, அதனால் விரிந்தது. நான்கு பாக்கெட்டுக்கு ஆறு ஆன கணக்கும் உண்டு. பிறகு ஒரு வரி: இடைவெளியைக் காட்டிய வரைபடம் அதன் காரணத்தைக் காட்டவில்லை, அந்தக் குறை வரைந்தவருடையது. கூட்டத்தில் பெரிய அதிகாரி, அடைத்தவன் பெயரைக் கேட்டாராம். நீங்கள் வந்து சொன்னதை என் நோட்டின் பின்னட்டையில் அன்றே எழுதிவைத்தேன். "இந்த ஊர்ல யார் கையில ராடு குடுத்தாலும் அடைப்பாங்க சார். பேரு வேணும்னா கோலார் தங்கவயல்னு எழுதிக்கோங்க."

அவர்கள் வேறொன்றை எழுதிக்கொண்டார்கள். அந்த வருடம் உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அதே நாற்காலியிலிருந்துதான் நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். ஒரு தடவைகூட அதைத் தம்பியிடம் சொல்லிக்காட்டியதில்லை. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உங்கள் தட்டில் நான் இரண்டாவது கரண்டி நெய் ஊற்றும்போது, "இன்னாத்துக்கும்மா இவ்ளோ" என்பீர்கள்.

வண்டிக்கு இன்னொரு சோதனை கிடைத்தது. புது வரைபடத்தில் அந்த மூலை ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்த்தீர்கள், தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும்: 'இந்த இடம் திறந்தே இருக்கட்டும். சட்டம் முறுகவேண்டும். அடைத்தால் பக்கத்தில் விரியும்.' எட்டுப் பேரையும் நிற்கவைத்து, ஒரு மூங்கில் ஏணியைத் தரையில் போட்டு ஒரு முனையைத் தூக்கிக் காட்டினீர்களாம். இவர் வந்து சொன்னார்: "அடைக்கறது ஒரு வேலையே இல்லமே. வுட்டுட்டு வரதுதான் கஷ்டம். கை தானா போவுது."

அடுத்த ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டார்கள். வாழைக்கன்றும் மாவிலையும் கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, உங்கள் ஆறுகாலி நின்றது. நான் அதுவரை போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும், சோதனைத் திடலில் நின்ற இன்னொரு வண்டியிடம் எங்களைக் கூட்டிப்போனீர்கள். அதன் முன்சக்கரம் ஒன்றும், எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரம் ஒன்றும் என் இடுப்பு உயரக் கட்டைகள்மேல் ஏறி நின்றன. பின்னால் இருந்து பார்த்தால் வண்டி உடம்பைத் திருப்பிச் சோம்பல் முறிக்கிற மாதிரி இருந்தது.

"உடைஞ்சிடாதா அண்ணி?"

"இப்டி நிக்கறதுக்குத்தான் செஞ்சோம். ஏறு."

முதல் படியில் கால் வைத்தேன். பட்டுப்புடவையோடு, யார் கையையும் பிடிக்காமல் ஏறினேன். முட்டி இடிக்கவில்லை. அவ்வளவு முறுக்கிலும் கதவு என் ஒரு விரலுக்குத் திறந்தது, ஒரு விரலுக்கு மூடியது. கீழே உங்கள் தம்பி குனிந்து சேசிஸுக்கு அடியில் தலையை விட்டு, தான் விட்டுவைத்த இரண்டு விரல் இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோயிலில்கூட அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

அந்த வண்டி மணலுக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்தது. பிறகு மலைக்கும் போனது. எத்தனை வண்டி, எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.

போன வருடம் கோலார் ஆஸ்பத்திரியில் கடைசி நான்கு நாளும் நான்தான் உங்கள் பக்கத்தில் இருந்தேன். நர்ஸ் வந்து எந்த மருந்தை ஏற்றினாலும், "ஏன்னு சொல்லிட்டு ஏத்தும்மா" என்றீர்கள். அந்தப் பெண் முதலில் கோபித்தாள். இரண்டாம் நாள் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

இப்போது நம் பெண் விஷயம். பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இங்கே எல்லோரும் போவதுபோல விடியற்காலை ரயிலில் போய் இருட்டித் திரும்புவதில்லை. அங்கேயே ஹாஸ்டலில் தங்கவேண்டுமாம். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். வேண்டாம்னா வேண்டாம் என்றேன். நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான்.

நேற்றுச் சாயங்காலம் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது அண்ணி. ஆனாலும் சொன்னேன்.

"ஒங்க அத்தையும் போயிட்டாங்க. நீயும் போயிட்டா, சாயங்காலத்துல இந்த வீட்டுல நா யாருகிட்ட பேசறது? அதான். வேற ஒண்ணும் இல்ல."

அவள் என் மடியிலிருந்த பூவை எடுத்து அவளாகக் கட்ட ஆரம்பித்தாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா? நா ஒம்மேல வேற என்னென்னவோ நெனச்சிகினு இருந்தேன்."

திங்கட்கிழமை போகிறாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் பண்ணுவேன் என்று சொல்லியிருக்கிறாள். போகட்டும் என்று நான்தான் சொன்னேன்.